எப்படி விழுந்தாலும் பத்து

மகனுக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. வாசித்து முடித்ததும் முதல் காரியமாக உலையில் கிடந்த சோற்றை வடித்தேன். சோறு குழைந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, உனக்குப் பதில் எழுதுவதை ஒரு நாள் தள்ளிப்போடலாம். கோபம் ஆறட்டும் என்றும் ஒரு நினைப்பு இருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாரல் விட்டபாடில்லை, கோபமும் ஆறின பாடில்லை. ஆகையால் இதை இப்படியே வாசித்துக்கொள்.

நீ கேட்டது இவ்வளவுதானே. பள்ளிக்கூட மேனேஜருக்கு நான் "ரெண்டே ரெண்டு வரி" எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் இனிமேல் பிள்ளைகளைப் புளியங்கொட்டை உருட்ட விடமாட்டேன் என்று ஒரு வரி. நடந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று இன்னொரு வரி. அவர் உனக்குப் பார்த்திருக்கிற இலத்தூர்ப் பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் முகம் சுளித்தால் ஆவணியில் கல்யாணம் நடக்காது. "உனக்கு இது ஒரு காரியமா அம்மா" என்று கேட்டிருக்கிறாய். எழுத மாட்டேன். ஒரு வரியும் எழுத மாட்டேன். மதுரை ரயில்வே கணக்காபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற நீ, அந்த நாற்காலிக்கு எப்படி வந்து சேர்ந்தாய் என்பதை மறந்துபோய் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறாய். அதை ஞாபகப்படுத்தத்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நடந்தது என்ன என்று தெரிந்துகொள். உன் காதுக்கு அது இலத்தூர் வழியாக வந்திருக்கிறது, வருகிற வழியில் கையும் காலும் முளைத்திருக்கும். தென்காசியில் ஒரு டீச்சரம்மா பெண்பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துத் தாயம் சொல்லிக்கொடுக்கிறாளாம்! நல்ல வேளை, பணம் வைத்து ஆடினோம் என்று சொல்லவில்லை. போன திங்கட்கிழமை கணக்குப் பாடத்தில் பிள்ளைகள் ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டையை இரண்டு கையாலும் பொத்திக் குலுக்கித் தரையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டையின் ஒரு பக்கம் கல்லில் உரசியது, வெள்ளை. மறுபக்கம் தோலோடு இருக்கிறது, கறுப்பு. விழுந்ததைப் பார்த்து "ஆறு வெள்ளை, நாலு கறுப்பு" என்று ஒருத்தி கத்துவாள், "எனக்கு எட்டும் ரெண்டும்" என்று அடுத்தவள் கத்துவாள். சத்தம் இருக்கத்தான் செய்தது. ஆறு வயதுப் பிள்ளைகள் சத்தம் போடாமல் வேறு யார் போடுவது? அந்தச் சத்தம் கேட்டுத்தான் மேனேஜர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன நடக்கு இங்கன?"

"கணக்குப் பாடம் நடக்கு அண்ணாச்சி."

அவர் குனிந்து ஒரு கொட்டையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணக்கா? எனக்குத் தெரியாதாக்கும்? தாயக்கொட்டைல்லா இது! பொம்பளப் பிள்ளையளுக்குச் சூதாட்டமா சொல்லிக் குடுக்கிய?"

வேறு ஊர்க்காரன் எவனாவது பார்த்திருந்தால் புளியங்கொட்டை என்றுதான் சொல்லியிருப்பான். இவருக்கு மட்டும் எடுத்த எடுப்பில் தாயம் என்று தெரிகிறது. ஏன் தெரியாது? வருஷா வருஷம் வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க வேண்டும் என்று அவர் வீட்டு முற்றத்தில் கட்டம் வரைந்து, இதே மாதிரி ஒரு பக்கம் உரசிய கொட்டையைத்தான் போட்டு உருட்டுகிறார்கள். உன் அப்பாவே அங்கே போய் ஆடியிருக்கிறார். என் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, ஏகாதசிக்கு உங்க வீட்டு முத்தத்துல விடிய விடிய உருட்டுதியளே, அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

"அது கண்ணு முழிக்கதுக்கு."

"இதுவும் அதுக்குத்தான். வாய்ப்பாடு பாடிப் பாடிப் பிள்ளையள் உறங்கிப் போவுதுவ."

பின்வரிசையில் இரண்டு பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஓரத்தில் இருந்த பேச்சியைப் பார்த்து விரலை நீட்டினார். பேச்சி இரண்டாம் வருஷமாக ஒன்றாம் வகுப்பில் இருக்கிறவள், அவள் அம்மா வயலில் நாற்று நடுகிறவள். "ஏட்டி, ஏழும் மூணும் எத்தன? சொல்லு பாப்போம்" என்றார். அந்தப் பிள்ளை எழுந்து நின்றது. உதடு அசைந்தது. ஏழும் ஒண்ணும் எட்டு, ஏழும் ரெண்டும் ஒன்பது என்று முதலிலிருந்து பாட ஆரம்பித்தது. "பாடச் சொல்லலை, பதிலச் சொல்லுட்டி" என்று ஒரு அதட்டல் போட்டார். அவ்வளவுதான், பாட்டும் நின்றுபோனது. அப்படி அதட்டினால் பிள்ளைக்குத் தன் பேரே மறந்துபோகும். "பாத்தியளா உங்க கணக்க? நாத்து நடப் போற கழுதைக்கு இது ஒரு கேடு" என்று சொல்லிவிட்டு, நான் கொட்டை போட்டு வைத்திருந்த பிஸ்கோத்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வாறுகாலில் சாரல் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டார். மாதம் முடிவதற்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் எனக்கு அங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சி நின்றபடியே இருந்தாள்.

இப்போது நீ ஒன்றாம் வகுப்பில் இருந்த கதைக்கு வருகிறேன். உனக்கும் அப்போது ஆறு வயது. உன் வாத்தியாரிடம் ஒரு பிரம்பு இருந்தது, அதற்கு எண்ணெய் தடவி வைத்திருப்பார். நீ வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பிப்பாய், கேட்கிறவர்கள் சொக்கிப்போவார்கள். நடுவில் நிறுத்தி "எட்டும் ரெண்டும்?" என்று கேட்டால் முழிப்பாய். பாட்டை முதலிலிருந்து எடுத்தால்தான் உனக்குப் பதில் வரும். வாத்தியாருக்கு அத்தனை பொறுமை ஏது? விரல் முட்டியில் அடிப்பார். நீ வீட்டுக்கு வந்ததும் கையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வாய். சாப்பிடக் கூப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்பாய். பிசைய முடியாத கையை என்னிடம் காட்டக் கூடாது என்று நினைத்தாய். அன்று உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே நான் அழுததை நீ பார்த்திருக்க மாட்டாய். அப்போது நான் டீச்சர் இல்லை, ஒரு புண்ணாக்கும் தெரியாது. ஆனால் என் பிள்ளை மண்டு இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்தச் சீசனுக்குக் குற்றாலம் போனோம். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்த உனக்கு உன் அப்பா கடையில் மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தார். பழத்தின் அடியில் சின்னப் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்குமே, அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. கடைக்காரர் அதைச் சொன்னதும் நீ நம்பவில்லை. இதழை எண்ணினாய், ஆறு. உடைத்தோம், ஆறு சுளை. உன் கண்ணைப் பார்க்க வேண்டுமே! இரண்டு சுளையைத் தின்றாய். எனக்கு என்ன தோன்றியதோ, பழத்தின் தோட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ள எத்தனலே இருக்கு?" என்று கேட்டேன். "நாலு" என்றாய். எண்ணவும் இல்லை, பாடவும் இல்லை. "எப்படிலே சொன்ன?" என்றால், "ஆறுல ரெண்டு போயிட்டுல்லா" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாய். உன் வெள்ளைச் சட்டை முழுக்க மங்குஸ்தான் கறை. அது கடைசி வரைக்கும் போகவில்லை, நானும் அந்தச் சட்டையைத் தூக்கி எறியவில்லை.

அங்கிருந்து ஐந்தருவிக்கு நடந்தோம். அந்த வருஷம் மழை மட்டு, ஐந்தில் மூன்றில்தான் தண்ணீர் விழுந்தது. நீ என் சேலையை இழுத்து, "அம்மா, மூணு விழுது, ரெண்டு உறங்குது" என்றாய். "நாலு விழுந்தா?" என்று கேட்டேன். "ஒண்ணு உறங்கும்." "அஞ்சும் விழுந்தா?" "ஒண்ணும் உறங்காது, நம்மளும் உறங்க முடியாது, சத்தம்லா கேக்கும்" என்றாய். உன் அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஸ்லேட்டைப் பார்த்தால் கண்ணீர் விடுகிற பிள்ளை, அருவியைப் பார்த்தால் கணக்குப் போடுகிறான். குறை பிள்ளையிடம் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கையில் தொடவும் கண்ணால் பார்க்கவும் ஒன்றும் கொடுக்காமல் வெறும் பாட்டைக் கொடுத்தால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவின் தாயக்கொட்டையை எடுத்தேன். அவரிடம் நாலுதான் இருந்தது, மீதியை வாசற்படிக் கல்லில் நீயே உரசினாய். உரசின சூட்டோடு என் கையில் வைத்துச் சிரிப்பாய், அந்தப் போக்கிரித்தனமும் எனக்கு நினைவிருக்கிறது. பத்துக் கொட்டையைக் குலுக்கிப் போடுவாய். ஏழு வெள்ளை விழுந்தால் மூன்று கறுப்பு. ஐந்தானால் ஐந்து. எல்லாம் வெள்ளையாக விழுந்துவிட்டால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவாய். தாயத்தில் ஒருத்தன் ஜெயித்தால் இன்னொருத்தன் தோற்க வேண்டும். இதில் தோற்கிறவன் கிடையாது, எப்படி விழுந்தாலும் பத்து. கொஞ்ச நாள் போனதும் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவந்தேன். சில கொட்டைகளைச் சிரட்டைக்குள் மூடிவிட்டு மீதியை வெளியே வைப்பேன். வெளியே ஆறு கிடந்தால் உள்ளே எத்தனை என்று நீ சொல்ல வேண்டும். முதலில் சிரட்டையைத் தட்டிப் பார்ப்பாய், காதை வைத்துக் கேட்பாய், பிறகு விரலை மடக்குவாய். ஒரு நாள் விரலும் மடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நடுவில் நிறுத்திக் கேட்டதற்கு நீ பட்டென்று பதில் சொன்னாயாம். அவர் அதற்கும் அடித்தார், எவனிடமோ கேட்டுச் சொல்கிறாய் என்று. அந்த அடியை மட்டும் நீ வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாய்.

உன் அப்பா தவறிய பிறகு, நாலு பேர் நாலு விதமாகப் பேசினாலும் பேசட்டும் என்று பாளையங்கோட்டைக்குப் போய் ட்ரெயினிங் முடித்து வந்தேன். அங்கே எனக்கு என்னவெல்லாமோ சொல்லிக்கொடுத்தார்கள், நல்ல படிப்புத்தான். ஆனால் வகுப்பில் கால் வைத்த முதல் நாளே நான் எடுத்துக்கொண்டு போனது புளியங்கொட்டையும் சிரட்டையும்தான். நான் வாய்ப்பாட்டுக்கு விரோதி இல்லை. பிள்ளைகள் அதைப் பாடட்டும், நன்றாகப் பாடட்டும். எட்டும் இரண்டும் பத்து என்பதைக் கையால் ஆயிரம் தடவை பார்த்துவிட்டு அப்புறம் பாடட்டும். யுத்தம் வந்ததிலிருந்து காகிதம் கிடைக்கவில்லை, ஸ்லேட்டும் உடைந்தால் உடைந்ததுதான். புளியங்கொட்டைக்கு எந்த யுத்தம் வந்து என்ன? சீமையிலிருந்து கப்பலில் வரும் பண்டமா அது?

இதை விடச் சொல்கிறாய் நீ. மேனேஜர் சொல்லட்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. நீ எப்படியப்பா சொன்னாய்? கடிதத்தில் "ஊரோடு ஒத்துப் போனால் என்ன" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை இரண்டு தரம் வாசித்தேன். ஊரோடு ஒத்துப் போயிருந்தால் நீ அந்த வாத்தியாரிடம் முட்டி வீங்கிக்கொண்டே இருந்திருப்பாய், மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று உன்னைச் சொல்வாரே, கடைசியில் அதன்படியே மாடு மேய்த்திருப்பாய். உனக்கு ஒரு நியாயம், பேச்சிக்கு ஒரு நியாயமா? அவள் நாற்று நடப் போவாளோ, கலெக்டர் ஆபீஸுக்குப் போவாளோ, அதை மேனேஜர் எழுதி வைக்க வேண்டாம். நாற்று நட்டாலும் தன் கூலியைத் தானே கணக்குப் பார்த்து வாங்கட்டுமே. அதுதான் சிலருக்குக் கசக்கிறதோ என்னவோ.

உன் கல்யாணம் எனக்கு விளையாட்டு என்று நினைக்காதே. உன்னை மாலையும் கழுத்துமாகப் பார்க்க எனக்கு இருக்கிற ஆசை இந்தக் காகிதத்தில் அடங்காது. ஆனித் திருவிழாவிலேயே பாத்திரங்களுக்கு ஈயம் பூசி வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணைக் கோயிலில் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். சன்னதிக்கு முன்னால் தம்பியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மணி எட்டுகிறதா என்று காட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் புளியங்கொட்டை விவகாரத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று யாராவது அவளைக் கேட்டீர்களா? அவள் மாமா பேசுகிறார், அவள் அப்பா பேசுகிறார், நீ பேசுகிறாய். கழுத்தை நீட்டப் போகிறவளை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதன் கையும் முட்டி வீங்கி வந்தால், அப்போதும் ரெண்டு வரி எழுதிக் கொடுப்பாயா?

மேனேஜருக்கு நான் எழுதாமல் இல்லை. புதன்கிழமையே எழுதிவிட்டேன். "ஒரு நாள் முழுக்க என் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசலாம்" என்று ஒரே வரி. பதில் இல்லை. வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். நம் வீட்டு முற்றத்தில் பாயை விரிப்பேன், வருகிற பிள்ளைகள் வரட்டும். புளியமரம் அவர் வீட்டில் மட்டுமா நிற்கிறது?

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். கொட்டையை வாறுகாலில் கவிழ்த்ததற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, நான் வெறுங்கையோடு பள்ளிக்கூடம் போனேன். வகுப்புக்குள் நுழைந்தேன். ஒவ்வொருத்தியும் பாவாடை மடியை அவிழ்த்தாள். எல்லாம் புளியங்கொட்டை! நான் யாரையும் கொண்டுவரச் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு வாசற்படியில் உட்கார்ந்து உரசியிருக்கிறார்கள். ஒருத்தியின் அப்பா கடை கட்டிவிட்டு வந்து உரசிக் கொடுத்தாராம். ஒருத்திக்கு விரலில் கொப்புளம். அண்ணன் உரசிக் கொடுத்ததில் இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிட்டது என்று ஒருத்தி அழுதாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சி கடைசியாக வந்தாள். அவள் வீட்டில் புளியை வாங்குவதே கொஞ்சமாக, அதுவும் கொட்டை எடுத்த புளி. எங்கெங்கோ பொறுக்கியிருக்கிறாள். உள்ளங்கையை என் முன்னால் விரித்தாள்.

"டீச்சர், ஏழுதான் கெடச்சுது. இன்னும் மூணு வேணும்."

நான் அவளையே பார்த்தேன். அவள் பாடவில்லை, விரல் மடக்கவில்லை. முந்தின நாள் எந்தக் கேள்விக்கு ஊமையாக நின்றாளோ, அதற்குப் பதிலைத் தன் கையில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அது அந்தக் கேள்வி என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"மூணுன்னு எப்படிட்டி சொன்ன?"

"பத்துக்கு மூணு வேணும்லா டீச்சர்?" என்றாள். அன்றைக்கு மங்குஸ்தான் தோட்டை வைத்துக்கொண்டு நீ என்னைப் பார்த்தாயே, அதே பார்வை.

மற்றப் பிள்ளைகள் தங்களிடம் மிச்சமிருந்ததை நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள், ரோஷக்காரி. இந்த வாரம் முழுக்க அந்த ஏழு கொட்டையையே குலுக்கிப் போட்டு, நாலும் மூணும், அஞ்சும் ரெண்டும் என்று தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். நானும் கொடுக்கவில்லை.

இப்போது நான் கேட்கிறதை நீ செய். வருகிற வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ரயிலேறு. மூன்று புளியங்கொட்டை கொண்டு வா. உன் கையால் கல்லில் உரசியதாக இருக்க வேண்டும். விரல் சுடும், சுடட்டும். வீட்டுக்கு வராதே, ஸ்டேஷனிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வா. பேச்சி முன்வரிசையில் ஓரமாக இருப்பாள், அவள் கையில் கொடு. அதற்குப் பிறகு நாம் இரண்டு பேருமாக இலத்தூருக்குப் போவோம், அங்கே நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டே பேசுகிறேன். ரெண்டு வரி எழுதி வாங்கத்தான் வருகிறாய் என்றால் சாயங்காலம் ஒரு ரயில் திரும்பிப் போகிறது, அதில் ஏறிக்கொள்.

நாளைக் காலையில் பேச்சியிடம் சொல்லப் போகிறேன், "உனக்கு வேண்டிய மூணு கொட்டை மதுரையிலேருந்து வருதுட்டி" என்று. நான் சொன்னால் அவள் நம்பிவிடுவாள். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

உன் அம்மா